கண்டெய்னரில் வந்த கதவு

அந்தக் கதவு வந்த கண்டெய்னரில்தான் நெட்டையனின் உயிரைக் குடித்த குண்டும் வந்தது. யார்டில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கட்டர் அந்தக் கதவைத்தான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

கட்டர் என்பது அவன் பெயர் இல்லை, தொழில். பழைய இரும்பைக் கேஸ் வைத்து வெட்டுகிறவன். வெட்டி வெட்டி, பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துபோகிற நிலையில் இருந்தது. அவன் பெண்டாட்டியைக் காந்தம் என்று கூப்பிடுவார்கள். இரும்புக் குவியலில் செம்பும் பித்தளையும் பொறுக்குகிற வேலை அவளுக்கு. கயிறு கட்டிய காந்தத் துண்டு ஒன்று இடுப்பில் எப்போதும் தொங்கும். ஒட்டினால் விடு, ஒட்டாவிட்டால் எடு. இவ்வளவுதான் வேலை. ஆனால் நாள் பூராவும் குனிந்தபடி செய்ய வேண்டும். வெயில் காலத்தில் இரும்பு, தோசைக்கல் மாதிரி காயும். மழைக்காலத்தில் துரு கரைந்து ஓடி யார்டே ரத்தம் சிந்தின மாதிரி கிடக்கும்.

யார்டு துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. கப்பல் கப்பலாக உலகத்துப் பழைய இரும்பெல்லாம் அங்கே வந்து கொட்டும். எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் பார்த்தாலே தெரியும். நல்லாயிருக்கிற நாட்டு இரும்பு என்றால் நசுக்கின காரும் வாஷிங் மெஷினுமாக வரும். சண்டை நடக்கிற நாட்டு இரும்பு வேறு தினுசு. கட்டில் வரும். தண்ணீர்த் தொட்டி வரும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு வரும். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தொட்டில் என்று ஒரு தெருவே பெயர்ந்து வந்த மாதிரி வரும். அதுதான் விலை மலிவு. அதுதான் முதலாளிக்குப் பிடித்ததும்.

"அங்க ஒரு தெரு விழுந்தா இங்க பத்து அடுப்பு எரியும்" என்பது மேஸ்திரி அடிக்கடி சொல்கிற வாக்கியம். முதல் தடவை கேட்கிறவனுக்குச் சுருக்கென்று இருக்கும். பிறகு பழகிவிடும். உருக்கி வார்த்த கம்பிகள் அதே துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகும். இடிந்த ஊரைத் திரும்பக் கட்ட அந்தக் கம்பியைத்தான் வாங்குகிறார்களாம். அப்படிப் பார்த்தால் நாம் செய்வது புண்ணியம்தானே என்று மேஸ்திரி டீ குடித்துக்கொண்டே கேட்பார். புண்ணியம்தான் என்று மற்றவர்களும் டீயைக் குடிப்பார்கள்.

நெட்டையன் கட்டருக்கு ஜோடி. கேஸ் வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஒருத்தன் வெட்டினால் ஒருத்தன் சிலிண்டரைப் பார்க்க வேண்டும், தண்ணீர் விட வேண்டும், துண்டு காலில் விழாமல் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வந்த கண்டெய்னரில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. உள்ளே சேற்றுக்கு அடியில் வெடிக்காத குண்டு ஒன்று படுத்திருந்தது யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் ஸ்கேன் பண்ணுகிற மெஷின் இருக்கிறது. அது அந்த வாரம் ரிப்பேர் என்று பிற்பாடு சொன்னார்கள். கட்டர் புது சிலிண்டர் எடுக்க ஷெட்டுக்குப் போயிருந்தான். அதுவரைக்கும் சும்மா நிற்பானேன் என்று நெட்டையன் வெட்டுகிற டார்ச்சைக் கையில் எடுத்தான்.

வெடித்த வெடியில் கட்டருக்கு இடது காது போயிற்று. சத்தம் எதுவும் கேட்காது, ஆனால் உள்ளே ஓயாமல் ஒரு விசில் ஊதும். நெட்டையனை அடக்கம் பண்ணின நாளைக்கு யார்டை மூடினார்கள். மறுநாள் திறந்துவிட்டார்கள். நெட்டையன் பெண்சாதிக்கு யார்டு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். கட்டரைக் கூப்பிட்டு, டார்ச் பிடிக்கத் தெம்பு வருகிறவரைக்கும் சிலிண்டர் உருட்டு, உனக்கு வீட்டுக்கு ஏதாவது வேண்டுமென்றால் குவியலிலிருந்து எடுத்துக்கொள் என்றார்கள். அவன் அந்தக் கதவைக் காட்டினான்.

காரணம் இருந்தது. கல் கல்லாகச் சேர்த்துக் கட்டின ஒற்றை அறை வீடு அவர்களுடையது. கட்டரின் தங்கச்சியும் அவர்களோடுதான் இருந்தாள். செல்போன் கடையில் கண்ணாடி மாற்றுகிற வேலை அவளுக்கு. வீட்டுக்குச் சுவர் வந்தது, கூரை வந்தது, கதவு மட்டும் வரவில்லை. ஒரு தகரத்தைச் சாத்தி, கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வயசுப் பெண் இருக்கிற வீட்டில் தகரம் என்ன பத்திரம் என்று காந்தம் புலம்பாத நாள் இல்லை.

வந்த கதவோ கோட்டைக் கதவு. இரட்டைத் தகடு, உள்ளே குறுக்குச் சட்டம். நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். பச்சைப் பெயின்ட், உரிந்த இடத்தில் அடியில் நீலம். மேல்பாதியில் கம்பியை வளைத்து ஒட்டின ஒரு பறவை, இறக்கையை விரித்தபடி. வால் மட்டும் கொஞ்சம் கோணல். கட்டர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"நல்ல கை. எறும்பு ஊர்ற மாதிரி போயிருக்கு பாரு வெல்டிங். எவனோ தன் சொந்த வீட்டுக்குச் செஞ்சிருக்கான். கூலிக்குச் செஞ்சா இவ்வளவு பொறுமை வராது."

வெளிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தன. பூட்டுக்குப் பக்கத்தில் கடப்பாரை போட்டு நெம்பின தடம் இருந்தது. திருடன் பார்த்த வேலையாக இருக்கும் என்றான் கட்டர். கீலோடு ஒட்டிக்கொண்டு வந்த நிலைச்சட்டம் வில்லாக வளைந்து கிடந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் சட்டம் அடித்து மாட்டினார்கள். தெருவே வந்து பார்த்தது. உள்ளே என்ன தங்கமா வைத்திருக்கிறாய் என்று கேலி பேசினார்கள். புயல் அடித்தால் வீடு பறந்துவிடும், கதவு மட்டும் நிற்கும் என்றான் ஒருத்தன். காந்தமும் சிரித்தாள். அன்றைக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் அவித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

கதவின் உள்பக்கம் அவள் கண்ணில் பட்டது சில நாள் கழித்து. பிற்பகலில் வீட்டில் உட்கார்ந்து ஒயரை உரித்துச் செம்பு எடுக்கிறது அவள் வழக்கம். வெளிச்சம் சாய்வாக விழுகிற அந்த நேரத்தில் கதவின் உட்புறம் இடுப்பு உயரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. குவியலில் உருண்டு வந்த இரும்பில் அடிபட்ட தடம் இருப்பது சகஜம்தான். ஆனால் அந்தத் தடங்கள் கன்னாபின்னாவென்று கிடக்கும், கீறலோடு இருக்கும். இவை அப்படி இல்லை. வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் பூட்டைச் சுற்றியே இருந்தன. கொஞ்சம் கீழேயும் சில இருந்தன, ஆள் மண்டி போட்டால் கை எட்டுகிற உயரத்தில்.

அவள் எழுந்து போய்ப் புருஷனின் சுத்தியலை எடுத்துவந்து ஒரு பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். கிண்ணத்துக்குள் கிண்ணம் மாதிரி உட்கார்ந்தது.

உள்ளே இருக்கிறவன் எதுக்குச் சொந்தக் கதவைச் சுத்தியலால் அடிக்கணும்? அந்தக் கேள்வியை அவள் முடிக்கவே இல்லை. ஆணி அடித்து, கடைக்குக் கொண்டுபோகிற பையை அந்த இடத்தை மறைத்துத் தொங்கவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அன்றிலிருந்து கதவைச் சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு செங்கல்லை இடுக்கில் வைத்து எப்போதும் ஒரு சாண் திறந்தே வைத்தாள். கதவு வேண்டும் கதவு வேண்டும் என்று உயிரை வாங்கிவிட்டு இப்போது செங்கல் வைக்கிறாயே என்றான் கட்டர். காற்று வரட்டும் என்றாள். நாத்தனார், அண்ணிக்குச் சூட்டு உடம்பு என்று சிரித்தாள்.

கட்டருக்கும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்து பார்ப்பான். யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்து உட்காருவான். இப்படிப் பல தடவை ஆன பிறகு அவள் கேட்டாள், என்னங்க பாக்கறீங்க என்று.

"தட்டுற சத்தம் கேக்குது."

"எந்தக் காதுல?"

அவன் யோசித்தான். யோசித்துவிட்டு இடது காதைத் தொட்டான். பிறகு இரண்டு பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

காது நரம்பு அடிபட்டால் இப்படி வராத சத்தமெல்லாம் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கும். காந்தம் தனக்குத் தெரிந்ததை அங்கேயும் சொல்லவில்லை. பையைக்கூட நகர்த்தவில்லை.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் அந்தப் படத்தை எடுத்தாள். அவளுக்கு அந்தப் பறவைமேல் ஆசை. அண்ணியைக் கதவுப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்து, "எங்கள் வீட்டுக் கதவு, எந்த ஊரிலிருந்து வந்ததோ" என்று எழுதிப் போனில் போட்டாள். கடைக்காரப் பெண்கள் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். நாலு பேர் பார்த்தார்கள். அப்புறம் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அப்புறம் கணக்கே இல்லை. ஒரு வாரம் அவள் போன் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. படிக்கத் தெரியாத எழுத்திலெல்லாம் ஜனங்கள் எழுதினார்கள். பறவை அழகு என்று சிலர். படம் பொய் என்று சிலர். இரண்டு நாட்டுக் கொடிகளைப் போட்டு ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டார்கள் சிலர். காந்தம் அந்தச் சண்டைக்கு நடுவில், படத்துக்குள், ஒரு கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு யாரோ ஒருத்தர் கேட்டார், ஊரைவிட்டு ஓடினவர்களின் வீட்டைப் பிரித்து எடைக்குப் போடுகிறவர்கள் யார் என்று. அதை வாங்குகிறவர்கள் யார்? எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது? கேள்வி எங்கெங்கோ சுற்றி, ஒரு பெரிய நாட்டின் பத்திரிகையில் வந்து, கடைசியில் துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது. அதிகாரிகள் வந்தார்கள். கண்டெய்னர்களைக் கப்பலிலிருந்து இறக்கவிடாமல் நிறுத்தினார்கள். நெட்டையன் செத்தபோது ரிப்பேராகக் கிடந்த மெஷின் ஒரே நாளில் சரியாயிற்று. யார்டின் வாசலில் சங்கிலி விழுந்தது.

உலை அணைந்தது. புகை இல்லாத வானம் அந்தத் தெருவுக்குப் புதுசு. துணி வெளுப்பாகக் காய்ந்தது. ஆனால் யாருக்கும் அது சந்தோஷமாக இல்லை. தண்ணீர்க் குழாயடியில் காந்தம் குடத்தோடு போனால் பேச்சு நின்றுபோகும். முன்னெல்லாம் அவளுக்கு இடம் போட்டு வைக்கிற பக்கத்து வீட்டுக்காரி இப்போது முதுகைக் காட்டினாள். ஒருநாள் காலையில் பார்த்தால் பறவைமேல் யாரோ சேற்றை அப்பியிருந்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே கழுவினாள். போட்ட படத்தை நீக்கிவிட்டேன் அண்ணி, ஆனால் அது ஊரெல்லாம் போய்விட்டது, இனி என் கையில் இல்லை என்றாள்.

நெட்டையன் பெண்சாதி வந்தது அன்றைக்குச் சாயங்காலம். கதவு மாட்டின நாளிலிருந்து அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை. உள்ளே வாக்கா என்று காந்தம் கூப்பிட்டாள். அவள் வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"என் வீட்டுக்காரர் போனப்போ யார்டை ஒரே ஒரு நாள்தான் மூடுனாங்க. உன் கதவுக்கு வாரக்கணக்கா மூடிக் கெடக்கு."

காந்தம் இடுக்கில் இருந்த செங்கல்லைத் தள்ளிவிட்டுக் கதவை முழுக்கத் திறந்தாள்.

"அந்த ஊர்ல யாரோட வீடோ போச்சுன்னு உலகமே கேக்குது. கேக்கட்டும், நல்லதுதான். இங்க ஒருத்தர் செத்தாரே, அவரை யாரு கேட்டா? நான் பாத்திரம் கழுவுறதும் போச்சு. எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சு ரெண்டு நாளாச்சு, காந்தம்."

காந்தம் உள்ளே ஓடி, ஆக்கி வைத்திருந்த சோற்றைப் பானையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாமென்று சொல்லவில்லை. அதுதான் காந்தத்துக்கு அதிகமாக வலித்தது. நெட்டையன் இருந்த காலத்தில் ஒரு வெங்காயம் கடன் வாங்கக் கூசுகிறவள் அவள்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். செங்கல்லைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், டீயை வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அதிகாரிகளிடம் இருப்பது வெறும் படம்தான். கதவு இல்லையென்றால் அது எங்கேயோ உள்ளூரில் செய்தது என்று முதலாளி சொல்லிக்கொள்வார். யார்டு திறக்கும். தெருவுக்கும் சோறு, கட்டருக்கும் பழைய இடம்.

"வேற ஆள வெச்சு வெட்டச் சொல்லல தம்பி. நீயே வெட்டு. உன் கதவு."

கட்டர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெட்டையன் போன பிறகு அவன் டார்ச்சைத் தொட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் அண்ணே என்றான். என்ன யோசனை, இரும்புதானே என்று மேஸ்திரி எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் நாத்தனார் போனை நீட்டினாள். வந்து குவிந்த செய்திகளுக்கு அடியில் சிக்கிக் கிடந்த ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு பெண் எழுதியிருந்தாள். எழுத்து புரியாவிட்டாலும் போனே அதைத் தமிழாக்கிக் காட்டியது. ஒரே வரி. "இந்தப் பறவையைச் செய்தவன் என் அண்ணன்."

மறுநாள் மதியம் பேசினார்கள். நாத்தனார் போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்தாள். திரையில் வெள்ளை ஓடு பதித்த ஒரு அறையில், நீலச் சட்டை போட்ட ஒரு பெண் தெரிந்தாள். காந்தத்தின் வயசுதான் இருக்கும். பிறந்த நாட்டில் இல்லாமல் இன்னொரு நாட்டில், முதியோர் இல்லத்தில், கிழவர்களைக் குளிப்பாட்டித் துடைக்கிற வேலை. சாப்பாட்டு இடைவேளையில் பேசுகிறாள். அவள் தன் மொழியில் பேசப் பேச, போன் கொஞ்சம் தாமதித்து அதைத் தமிழில் சொன்னது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரல். அவள் உதடு துடிக்கும், குரல் துடிக்காது. முதலில் அது விநோதமாக இருந்தது. அப்புறம் பயமாக இருந்தது.

பறவையைக் காட்டச் சொன்னாள். நாத்தனார் போனைக் கிட்டே கொண்டுபோனாள். அந்தப் பெண் சிரித்தாள்.

"வால் கோணலாக இருக்கிறது அல்லவா? அவன் வாலை ஒட்டும்போது நான் சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். வால் கோணிவிட்டது. என்னால்தான் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்காட்டினான்."

கட்டரும் தன்னை அறியாமல் சிரித்தான். பிறகு அவள், உள்பக்கத்தைக் காட்டுங்கள் என்றாள்.

காந்தம் எழுந்தாள். நாத்தனாரையும் புருஷனையும் பார்க்காமல் போய்ப் பையைக் கழற்றினாள். பள்ளங்கள் வெளிச்சத்தில் வந்தன. திரையில் இருந்த பெண் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். கட்டர் ஒன்றும் புரியாமல் கிட்டே போய் ஒரு பள்ளத்தைத் தடவினான். தடவின கை அப்படியே நின்றது. அவனும் சுத்தியல் பிடிக்கிறவன்தானே. திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். உனக்குத் தெரியுமா என்று கேட்டது அந்தப் பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன் பேச ஆரம்பித்தது.

"சிப்பாய்கள் வீடு வீடாக உடைத்துக்கொண்டிருந்த காலம். யாராலும் உடைக்க முடியாத கதவு செய்கிறேன் என்றான். அம்மா பத்திரமாக இருக்க வேண்டும் என்றான். செய்தான். யாராலும் உடைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் குண்டு விழுந்தது. எங்கள் வீடு விழவில்லை. நிலை மட்டும் வளைந்துவிட்டது. கதவு சிக்கிக்கொண்டது. சமையலறையில் தீ பிடித்தது. அவனும் அம்மாவும் உள்ளே இருந்தார்கள்."

கட்டர் வலது காதைப் போன் பக்கமாகத் திருப்பி, குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் என்னைப் போனில் கூப்பிட்டான். நான் இங்கே இருந்தேன். பேச நேரம் இல்லை, போனைக் கீழே வைத்துவிட்டான். சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா இருமுவது கேட்டது. வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரை போடுவது கேட்டது. பிறகு கடப்பாரை மட்டும் கேட்டது."

நாத்தனார் விசும்பினாள். போன் அதையும் மொழிபெயர்க்கப் பார்த்துத் தோற்றது.

காந்தம்தான் பேசினாள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். கதவை வெட்டச் சொல்லி நெருக்குகிறார்கள், நீ வேண்டாம் என்றால் நாங்கள் வெட்டவில்லை, யார் என்ன சொன்னாலும் பார்த்துக்கொள்கிறோம், எப்படியாவது கப்பலில் ஏற்றி உனக்கே அனுப்பவும் பார்க்கிறோம் என்றாள். இதைச் சொல்லும்போது தெருவின் பசியும் பானையை வாங்கிக்கொண்டு போன முதுகும் அவள் கண்முன் நின்றன. இருந்தும் சொன்னாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"எனக்கு வேண்டாம். அந்தக் கதவுதான் அவர்களை வெளியே விடவில்லை. வெட்டுங்கள். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கேள்வி கேட்கிறவர்களிடம் நான் கொடுக்க வேண்டும். பிறகு வெட்டுங்கள். நான் பார்க்க வேண்டும்."

"பறவையை மட்டும் தனியா எடுத்து வைக்கட்டுமா?" என்றான் கட்டர். அவ்வளவு நேரத்தில் அவன் பேசினது அது ஒன்றுதான்.

அவள் யோசித்தாள்.

"அவன் ஒரு பறவையா செய்தான்? எங்கள் தெருவில் எல்லாக் கதவும் அவன் செய்ததுதான். உங்கள் குவியலில் தேடுங்கள், இன்னும் கிடைக்கும்."

அவளுடைய அடுத்த விடுமுறை நாளில் வெட்டுவது என்று முடிவாயிற்று. கட்டர் யார்டுக்குப் போய், சிலிண்டரும் டார்ச்சும் வேண்டும் என்றான். இங்கேயே கொண்டுவந்து வெட்டேன் என்றார் மேஸ்திரி. என் வீட்டு வாசலில்தான் வெட்டுவேன், எல்லோரும் பார்க்கத்தான் வெட்டுவேன், நீங்கள் சொன்னதற்காக வெட்டவில்லை என்றான் கட்டர். படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது என்பதையும் சொன்னான். மேஸ்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் நினைத்த காரியம் இனி நடக்காது. இருந்தும் சிலிண்டரையும் டார்ச்சையும் ஏன் கொடுத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். நெட்டையனைத் துணியில் சுற்றித் தூக்கினவர்களில் அவரும் ஒருத்தர்.

கதவைக் கழற்றி வாசலில் கல்லின்மேல் கிடத்தினார்கள். மேகம் மூடின பகல். மழை வருமா வராதா என்று இருந்தது. தெரு தள்ளி நின்று பார்த்தது. காந்தம் போனைப் பிடித்துக்கொண்டாள். கட்டர் கண்ணாடியைப் போட்டான், டார்ச்சை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். பக்கத்தில் ஆள் இல்லை. இருக்கிற ஆண்களில் யாரும் முன்னால் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நெட்டையன் பெண்சாதி வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். சிலிண்டர் பக்கம் போய் நின்றாள்.

"ஜோடி இல்லாம எப்படி வெட்டுவ? எத்தன திருகணும், சொல்லு."

அவன் சொன்னான். அவள் திருகினாள். நெருப்பு முதலில் மஞ்சளாக வந்து, பிறகு நீல ஊசியாக நின்றது.

பச்சைப் பெயின்ட் கொப்பளித்து எரிந்தது. அடியில் இருந்த நீலமும் எரிந்தது. முதலில் பூட்டு இருந்த பக்கத்தை வெட்டினான், பள்ளங்களின் நடுவாக. உருகின இரும்பு சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்து கறுத்தது. நெட்டையன் பெண்சாதி தண்ணீர் விட்டாள். ஆவி எழும்பி இரண்டு பேரையும் மறைத்தது. பறவைக்கு வந்தபோது கட்டர் ஒரு கணம் நிறுத்தி, தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தான். திரையில் இருந்தவள் கண்ணைச் சிமிட்டவில்லை. அவன் குனிந்தான். கோணல் வால் தனியாக விழுந்தது.

எல்லாம் முடிந்து நெருப்பை அணைத்த பிறகு அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். போன் அதை மொழிபெயர்க்கவில்லை. காந்தமும் கேட்கவில்லை.

படங்களை அந்தப் பெண் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தாள். விசாரணை என்னவோ நடந்தது. யாருக்கு என்ன தண்டனை என்று தெருவுக்குச் சேதி வரவில்லை. வேறு வழியாக, வேறு பெயர் போட்ட காகிதத்தோடு கண்டெய்னர்கள் வர ஆரம்பித்தன. யார்டு திறந்தது, உலை பற்றிக்கொண்டது, வெளுத்த துணிகள் மறுபடி சாம்பல் பூத்தன. ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஸ்கேன் மெஷினில் போகாத கண்டெய்னரைத் தொட மாட்டோம் என்று கட்டர் சொன்னான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவதாகக் கேன்டீனிலிருந்து நெட்டையன் பெண்சாதி வந்து, ஈரக் கையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் முதலாளியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

காந்தம் திரும்பவும் குனிந்து செம்பு பொறுக்கினாள். குவியலில் சில நாள் பறவை தென்படும். ஒன்று ஜன்னல் கம்பியில் இருந்தது. ஒன்று பாதி நசுங்கின கேட்டில். வால்கள் எல்லாம் நேராக இருந்தன. காந்தத் துண்டை வைத்துப் பார்க்க அவசியமே இல்லை, ஆனாலும் வைப்பாள். டக்கென்று ஒட்டிக்கொள்ளும். பிடுங்கி எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவாள். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்வதில்லை. கட்டரின் காதில் விசில் நிற்கவில்லை. தட்டுகிற சத்தம் நின்றதா என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோவது மட்டும் குறைந்திருந்தது.

அந்தப் பெண் எப்போதாவது மதிய வேளையில் கூப்பிடுவாள். பெரிதாகப் பேச ஒன்றும் இருக்காது. இன்றைக்கு ஒரு கிழவர் என்னை அவர் மகள் என்று நினைத்துக்கொண்டார் என்பாள். இங்கே மழை என்பாள் காந்தம். அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள், உங்கள் வாசலில் இப்போது என்ன இருக்கிறது என்று.

காந்தத்துக்குக் கூச்சமாக இருந்தது. வேறு கதவு இன்னும் வாங்கவில்லை. பழைய போர்வை ஒன்றைக் கிழித்துத் தைத்து, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். காற்றில் துணி உள்ளே உப்புவதும் வெளியே போவதுமாக இருந்தது. திரையில் இருந்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி நல்லது," என்றது போன், அதே செய்தி வாசிக்கிற குரலில். "கையால் விலக்கினால் வெளியே வந்துவிடலாம். ஒருமுறை வந்து காட்டுங்கள்."

காந்தம் போனைக் கையில் பிடித்தபடி துணியை விலக்கி வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"இன்னொரு முறை," என்றது போன்.

காந்தம் உள்ளே போனாள். மறுபடி துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.